கருப்பணன் காய்ச்சிய கஷாயம்

ஒரு காட்டில் ஒரு கரடிக்குப் பொழுது போகவில்லை. எல்லா வம்பும் இப்படித்தானே ஆரம்பிக்கிறது! பசித்தால் தேன் இருக்கிறது, தூக்கம் வந்தால் குகை இருக்கிறது. பொழுது போகவில்லை என்றால் என்ன இருக்கிறது? செல்போன் இருக்கிறது. மலை உச்சியில் டவர் வைத்த நாளிலிருந்து அந்தக் காட்டில் இரை தேடி அலைகிற பிராணிகளைவிட சிக்னல் தேடி அலைகிற பிராணிகள்தான் அதிகம்.

கரடியின் பெயர் கருப்பணன். நல்ல ஜீவன், யார் சோலிக்கும் போகமாட்டான். அவனுக்கு ஒரே ஒரு குறை. அதுவும் அவன் செய்த தப்பில்லை. ஊர் உலகத்தில் யாராவது அளந்துவிட்டால் "கரடி விடாதே" என்கிறோம் அல்லவா, அந்தப் பேச்சு காட்டுக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டது. கருப்பணன் "சாயங்காலம் மழை வரும்" என்றால், "பாருடா, கரடி விடுது" என்று சிரிப்பார்கள். சாயங்காலம் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டும் சிரிப்பார்கள். நரி பொய் சொன்னால் அது ராஜதந்திரம். கரடி உண்மை சொன்னாலும் அது கரடி. பிறந்த குலத்தின் பெயரையே பொய்க்கு வைத்துவிட்டால் ஒருத்தன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

இப்படிப்பட்டவன் ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துத் தொலைத்தான். ஒரு வெளிநாட்டுக் கரடி, வெள்ளை நிறம், கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வீட்டிலேயே பீர் தயாரிப்பது எளிது, இனிது" என்றது. குவளையின் தலையில் நுரை அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த இன்னொரு கரடி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குவளையை நீட்டி, "இன்னொன்று" என்றது.

அந்த "இன்னொன்று" இருக்கிறதே, அதில்தான் கருப்பணன் விழுந்தான். அவன் வாழ்நாளில் அவனிடம் யாரும் எதையும் இன்னொரு தடவை கேட்டதில்லை. சொன்ன பேச்சையே ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை. தன் கையால் ஒன்றைச் செய்து, அதைக் குடித்துவிட்டு ஒருத்தர், ஒரே ஒருத்தர், டம்ளரை நீட்டி "இன்னொரு டம்ளர்" என்று கேட்டுவிட்டால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. உடனே எழுந்து குகைக்குள் போய்த் தன் பெண்டாட்டியிடம் சொன்னான்.

"பூவாத்தா, நான் பீர் காய்ச்சப் போறேன்."

பூவாத்தாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அட கெரகமே! மெதுவாப் பேசுங்க. காய்ச்சறதுங்கற வார்த்தை வெளிய போச்சுன்னா வாலை வெட்டிருவாங்க, தெரியுமில்ல?"

அவள் சொன்னது நிஜம். அந்தக் காட்டில் குடிப்பதற்குத் தடையே கிடையாது. ராஜா சிங்கமே ஆற்றங்கரையில் கடை வைத்திருந்தார். சூரியன் உச்சிக்கு வருமுன்னே அங்கே வரிசை நின்றது. ஆனால் வீட்டில் காய்ச்சினால் குற்றம், வாலை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். கடையில் வாங்கிக் குடித்தால் நாட்டுப்பற்று, காய்ச்சிக் குடித்தால் ராஜதுரோகம். கரடிக்கு வால் இருப்பதே யாருக்கும் தெரியாது என்றாலும், இருக்கிற கொஞ்சத்தையும் இழக்க யாருக்கு மனசு வரும்?

"காய்ச்சறதுன்னா அது சாராயம். இது ஹாபி," என்றான் கருப்பணன்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"சாராயம் காய்ச்சறவன் போலீஸைப் பார்த்தா ஓடுவான். ஹாபி பண்றவன் யாரைப் பார்த்தாலும் உக்கார வெச்சு விளக்குவான்."

பார்லிக்கு எங்கே போவது? கம்பை ஊற வைத்தான், துணியில் கட்டி முளைக்க வைத்தான், பாறையில் காய வைத்தான், வறுத்தான், நொய்யாக உடைத்தான், வெந்நீரில் போட்டுக் காய்ச்சினான். பீருக்குக் கசப்பு கொடுக்க ஹாப்ஸ் என்று ஒரு பூ வேண்டுமாம். அது நம் பக்கத்தில் கண்ணுக்கே அகப்படாது. கசப்புதானே வேண்டும், நிலவேம்பு கசக்காதா என்று இரண்டு கை நிறையப் போட்டான். கரடியின் கை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெந்நீர்க் கஞ்சியை ஆற வைத்து, புளிக்க ஈஸ்ட் தூவி, பானையின் வாயைக் கட்டி, காற்று வெளியேற ஒரு குழாயைத் தண்ணீரில் விட்டான். பானை "குளுக்... குளுக்..." என்று பேச ஆரம்பித்தது. அவனும் பதிலுக்குப் பானையோடு பேச ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு காட்டில் யாரும் அவன் குகை வழியாகப் போவதையே விட்டுவிட்டார்கள். போனால் பிடித்துக்கொள்வான். ஈஸ்ட் என்பது உயிருள்ளதாக்கும் என்பான். சூடு கொஞ்சம் ஏறினால் வாழைப்பழ வாடை வந்துவிடுமாக்கும் என்பான். புலி துரத்தினால் மரத்தில் ஏறலாம், ஹாபி பிடித்தவன் துரத்தினால் எதில் ஏறுவது? ஒரு மான் இவனுடைய ஈஸ்ட் விளக்கத்திலிருந்து தப்பிக்க முதலைக் குளத்தில் குதித்தது. முதலை அதன் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு விட்டுவிட்டதாம்.

பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். கரடி வீட்டில் ஏது சர்க்கரை? தேன்தான். கரடிக்குத் தேன் விஷயத்தில் கொஞ்சம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு மத்தியானம் பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் படார் படார் என்று வெடித்தன.

காடே கலைந்து ஓடியது. வேட்டைக்காரன் வந்துவிட்டான், கரடி குகைப்பக்கம் சத்தம் கேட்டது, கருப்பணன் குளோஸ்! காட்டு வாட்ஸப் குழுவில் அவன் படம் போட்டு, மாலை போட்டு, "கண்ணீர் அஞ்சலி" வந்துவிட்டது. நாற்பது பேர் கைகூப்பிய பொம்மை போட்டிருந்தார்கள். உயிரோடிருக்கையில் அவனுக்கு ஒரு குட்மார்னிங்குக்குக்கூட யாரும் பதில் போட்டதில்லை. கருப்பணன் உடம்பெல்லாம் நுரையோடு ஓடிவந்து, "வேட்டைக்காரன் இல்லைங்க, பீர் பாட்டில் வெடிச்சுது!" என்று கத்தினான்.

"பீர் பாட்டிலாம்! துப்பாக்கிச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா? கரடி விடாதே," என்றார்கள். பிழைத்து வந்ததற்காக ஒருத்தர்கூட சந்தோஷப்படவில்லை. அஞ்சலி போட்டதை அழிக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்தான்.

வெடிக்காத பாட்டில்களும் இருந்தன. முதல் டம்ளரைப் பக்கத்துப் புதரில் குடியிருந்த காட்டுப்பன்றி மாசிலாமணிக்குக் கொடுத்தான். மாசிலாமணி சேறு தின்பவன், அழுகின கிழங்கு தின்பவன், எதைத் தின்றோம் என்று திரும்பிப் பார்க்காதவன். அவன் ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பினான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நான் வாயில வெச்சதைத் துப்பறது இதுதான் மொதத் தடவை."

கருப்பணனுக்கு நெஞ்சில் குத்தியது போல இருந்தது. பன்றியே துப்பிவிட்டதே! அன்று அவன் தேனைக்கூடத் தொடவில்லை.

இதற்குள் சேதி வெள்ளைச்சாமிக்குப் போய்விட்டது. வெள்ளைச்சாமி ஒரு கொக்கு. காட்டு மது ஒழிப்புச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். தும்பைப்பூ மாதிரி உடுப்பு, ஒற்றைக் காலில் நிற்கிற ஒழுக்கம். அவர் நேராகக் குகைக்கு வந்து, "கருப்பணா, இங்க பீர் காய்ச்சறதாப் புகார்," என்றார்.

வேறு யாராக இருந்தாலும் "இல்லவே இல்லைங்க" என்று காலில் விழுந்திருப்பார்கள். இவன் ஹாபிக்காரன் ஆயிற்றே! "ஆமாங்க! உக்காருங்க, ஒரு டம்ளர் பாருங்க," என்று முகமெல்லாம் மலர ஊற்றிக் கொடுத்தான். பூவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளைச்சாமி விசாரணைக்காக அலகை நனைத்தார். நனைத்த அலகைப் புல்லில் துடைத்தார். அப்புறம் கல்லிலும் துடைத்தார். "இது பீரே இல்லை," என்று தீர்ப்புச் சொன்னார்.

"பீர்தானுங்க! நான்தானே காய்ச்சினேன்!"

"பீர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒழிக்கறவனுக்கு எதை ஒழிக்கறோம்னு தெரிய வேண்டாமா? கரடி விடாம வேற வேலையைப் பாரு. புகார் தள்ளுபடி." கொக்கு பறந்துவிட்டது.

வால் தப்பியது. ஆனால் மானம் போய்விட்டதே! திருடப் போன இடத்தில், "உனக்கெல்லாம் திருட வராது, போ" என்று அனுப்பிவைத்த மாதிரி இருந்தது அவனுக்கு. அன்றைக்கு அவன் அழுதான். பூவாத்தாளுக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குகை முழுக்கப் பாட்டில் அடுக்கியிருந்ததால் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல இடமில்லை.

அப்புறம் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. காடு முழுக்கச் சளி, இருமல். மாசிலாமணி இருமிய இருமலில் அவன் புதர் நடுங்கியது. பூவாத்தாள் இருக்கிற பாட்டிலைக் காலி செய்ய வேறு வழி தெரியாமல், ஒன்றைத் திறந்து சட்டியில் ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு, சுடவைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

"தம்பி, கஷாயம். மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிருங்க."

மாசிலாமணி குடித்தான். முகம் அஷ்ட கோணலாகப் போயிற்று. "அண்ணி! என்னா கசப்பு! என்னா கசப்பு!" என்றான். இந்தத் தடவை துப்பவில்லை. "இந்தக் கசப்புக்குச் சளி என்ன, சளியோட பாட்டனே ஓடிருவான்."

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உடம்பு இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உலகமே இதமாக இருந்தது. எதிரே போன முள்ளம்பன்றியைக் கட்டிப்பிடித்து "பங்காளி" என்று முத்தம் கொடுத்தான். மறுநாள் விடிந்ததும் சம்சாரம், குட்டிகுலுவானோடு வந்து நின்றான்.

"அண்ணா, கைராசிண்ணா உங்களுக்கு. இன்னொரு டம்ளர் குடுங்க."

கருப்பணனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. இத்தனை காலம் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தானோ அந்தச் சொல்! டம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றினான். "பீர் நல்லா இருக்கா மாசிலாமணி?" என்று ஆசையாகக் கேட்டான்.

"பீரா? ச்சீ, வாயைக் கழுவுங்கண்ணா. மருந்தைப் போயி அப்படிச் சொல்லலாமா?"

அவ்வளவுதான். பாய்ந்த தேன் வழிந்து வெளியே போய்விட்டது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, குகை வாசலில் வரிசை ஆற்றங்கரைக் கடை வரிசையை எட்டிப் பிடித்தது. மழை நின்றது. இருமல் நிற்கவில்லை. வரிசையில் நிற்க இருமல் கட்டாயம் என்று யாரோ சொல்லிவிட்டதால், இருமத் தெரியாத முயல்கள் மாசிலாமணியிடம் போய் இருமப் பழகிக்கொண்டு வந்தன. குட்டிகளைத் தூக்கிவராதவர்களைப் பூவாத்தாள் வரிசையில் முன்னால் விட்டாள். தூக்கிவந்தவர்களுக்குக் குட்டிக்கு மட்டும் வெறும் மிளகுத் தண்ணி கொடுத்தாள். அந்தக் காட்டில் பொறுப்பாக இருந்த ஒரே ஜீவன் அவள்தான். அதனால் அவளை யாரும் எந்தச் சங்கத்திலும் சேர்க்கவில்லை.

வரிசையை ஒழுங்குபடுத்தி டோக்கன் கொடுத்தவர் யார் தெரியுமா? வெள்ளைச்சாமிதான். மேடைப் பேச்சு பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டதாம், பாவம். மது ஒழிப்புக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு டம்ளர், பின்னால் ஒரு டம்ளர். "குடியால் அழிந்தன குடிகள்!" என்று அவர் முழங்கிய முழக்கத்தில் இப்போதெல்லாம் தனி உருக்கம் இருந்தது, சில சமயம் நடுவில் அழவும் செய்தார். வாழ்நாளெல்லாம் ஒற்றைக் காலில் நின்றவர் இரண்டு காலிலும் நிற்க ஆரம்பித்தார். அதுவும் போதாமல் மரத்தில் சாய்ந்துகொண்டார்.

அரண்மனைக்கும் தினம் ஒரு பித்தளைச் சொம்பு போயிற்று. ராஜாவுக்கு நெஞ்சில் கபமாம்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், கருப்பணனைத் தவிர. தன் சரக்கு மோசம் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். வீடியோவில் பார்த்த பொன்நிறம் இதில் இல்லை, நுரை நிற்கவில்லை, கசப்பு நாக்கை உரித்தது. "நான் பீர் காய்ச்சறவன். என்னைக் கஷாயக்காரன் ஆக்கிட்டாங்களே," என்று புலம்பினான்.

"கேக்கறாங்களே, ஊத்திட்டுச் சும்மா இருங்களேன்," என்றாள் பூவாத்தாள்.

"வேற என்னமோன்னு நெனச்சில்ல கேக்கறாங்க!"

அவனுக்குள் இருந்த ஹாபிக்காரன் சும்மா விடுவானா? மறுபடி உட்கார்ந்தான். நிலவேம்பை ஒரு சிட்டிகை ஆக்கினான். நாரத்தைத் தோலைக் காயவைத்துச் சேர்த்தான். பானையை ஓடையின் ஈர மணலில் கழுத்துவரை புதைத்துக் குளுமையாக வைத்தான். தேனை அளந்தான். ஒரு கரடி தேனை அளந்தது என்றால் அவன் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். அவசரப்படாமல், பானையோடு பேசாமல், காத்திருந்தான்.

திறந்து ஊற்றினபோது பொன்னாகவே இருந்தது. நுரை தலையில் தொப்பி மாதிரி நின்றது. ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். நல்லா இருக்கிறது! நிஜமாகவே நல்லா இருக்கிறது! அவன் கால் தானாக ஆடியது.

மறுநாள் வரிசைக்கு அதையே ஊற்றினான். முதல் ஆள் மாசிலாமணி. வழக்கம்போல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினான். விழுங்கிவிட்டுக் கோணுவதற்கு முகத்தைத் தயார் செய்தான். முகம் கோணவில்லை. மூக்கை விட்டான். டம்ளரை முகர்ந்தான்.

"கசக்கலையே!" என்று அலறினான். "ஐயோ, கலப்படம்! மருந்துல கலப்படம்!"

"நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு," என்று கெஞ்சினான் கருப்பணன்.

"நல்லா இருக்கறதுதானே பிரச்னை! நல்லா இருந்தா அது எப்படிங்க மருந்தாகும்?"

வரிசை கொதித்தது. கைராசி போய்விட்டது, பேராசை வந்துவிட்டது, பழைய பக்குவம் இல்லை! இருமத் தெரியாத முயல்கள்கூட நிஜமாகவே இருமின. வெள்ளைச்சாமி, கட்டிய தொண்டையோடு, புகாரை ராஜசபைக்குக் கொண்டுபோனார்.

சிங்கராஜா பாறைமேல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சொம்பு வராததால் கொஞ்சம் கைநடுக்கம். "என்னய்யா, கஷாயத்துல கலப்படம் பண்ணினியா?" என்று உறுமினார்.

கருப்பணன் கூட்டத்தைப் பார்த்தான். பூவாத்தாள் "வேண்டாம்" என்று கண்ணைக் காட்டினாள். வால் கிடக்கிறது வால், இதைச் சொல்லாமல் செத்தால் நெஞ்சு வேகாது என்று தோன்றியது அவனுக்கு.

"ராஜா, கலப்படம் இல்லைங்க. அது கஷாயமே இல்லைங்க. பீர். நான் காய்ச்சின பீர். மொத நாள்லருந்து நீங்க எல்லாரும் குடிச்சது பீர்தான். அது மோசமான பீர், இது நல்ல பீர். அவ்வளவுதான் வித்தியாசம். வாலை வேணும்னா வெட்டிக்குங்க."

சபையில் ஒவ்வொருவரும் மனசுக்குள் குடித்த டம்ளரையெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாசிலாமணி முள்ளம்பன்றியைப் பார்த்தான். முயல்கள் தரையைப் பார்த்தன. வெள்ளைச்சாமியின் வெள்ளை உடுப்பு இன்னும் வெளுத்தது. ராஜாகூட ஒரு கணம் தன் பித்தளைச் சொம்பை வாலால் மறைத்தார்.

யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியாது. வெள்ளைச்சாமியாகத்தான் இருக்கும்.

"கரடி விடாதேய்யா!"

அவ்வளவுதான், சபை முழுக்க மூச்சு வந்தது. "கரடி விடுது! கரடி விடுது!" என்று சிரித்தார்கள், உருண்டார்கள், ஒருவரையொருவர் தட்டிக்கொண்டார்கள். நாம் போய் பீர் குடிப்போமாம்! நம் கொக்கு குடிப்பாராம்! நம் ராஜா குடிப்பாராம்! கருப்பணன் "சத்தியமுங்க! சத்தியமுங்க!" என்று கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது.

சிரித்து முடித்ததும் ராஜா சாட்சியத்துக்காகப் புதுப் பானையைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு டம்ளர் குடித்தார். சரியாகப் பிடிபடவில்லை என்று இன்னொன்று குடித்தார். டம்ளரின் அடியை நக்கினார். அப்புறம் மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பழையது குமட்டுது. ஆகவே அது மருந்து. இது ருசியா இருக்கு. ஆகவே இது பீர். மருந்து செஞ்சதுக்காகக் கருப்பணனுக்கு வனவைத்திய ரத்தினம்னு பட்டம். பீர் காய்ச்சினதுக்காக வாலை வெட்டணும். ரத்தினத்தோட வாலை வெட்டினா நல்லா இருக்காது, ஆகவே மன்னிப்பு. இனிமே ஆயுசு முழுக்கப் பழைய பக்குவத்துலதான் காய்ச்சணும். ஒரு சொட்டு ருசி கூடினாலும் தொலைச்சுப்புடுவேன். இந்தப் பானையை அழிச்சாகணும். அழிக்கற பொறுப்பு ரொம்பக் கஷ்டமானது, அதை நானே ஏத்துக்கறேன். என் குகைக்குள்ள கொண்டுபோய் வையுங்க."

வெள்ளைச்சாமி பொன்னாடை போர்த்தினார். அவரும் பானையை அழிக்க ஒத்தாசை செய்வதாகச் சொல்லி உள்ளே போனார்.

கருப்பணன் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தான். துக்கம் விசாரித்துவிட்டு வந்தவன் மாதிரி திண்டில் சாய்ந்தான். பூவாத்தாள் கம்புக் குதிருக்குள் கையைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். புதுச் சரக்கு. முன்னாடியே ஒளித்து வைத்திருக்கிறாள், மகராசி! இரண்டு டம்ளரில் ஊற்றினாள். இத்தனை நாளில் அவள் ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்ததில்லை. இன்று மூக்கைப் பிடிக்காமல், மெதுவாக, கடைசிவரை குடித்தாள்.

டம்ளரை நீட்டினாள். "இன்னொரு டம்ளர் ஊத்துங்க."

கருப்பணன் கை அப்படியே நின்றுவிட்டது. "கஷாயம்னு நெனச்சுக் கேக்கறியா?"

"கஷாயத்தை எவளாவது ரெண்டாவது டம்ளர் கேப்பாளா? பீருங்க. அருமையான பீரு."

கருப்பணன் பெரிதாக அழுதான். பொன்னாடை கண்ணைத் துடைக்கவாவது உதவியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நீ சொன்னதை நாளைக்குப் போய் மாசிலாமணிகிட்டச் சொல்லப் போறேன்," என்றான்.

"தாராளமாச் சொல்லுங்க," என்று பூவாத்தாள் டம்ளரை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "நம்பவா போறாங்க?"

நீதி: மோசமாகக் காய்ச்சுகிறவன் வைத்தியன், நன்றாகக் காய்ச்சுகிறவன் குற்றவாளி. ஆகவே பிள்ளைகளே, எந்த வேலையையும் உருப்படியாகக் கற்றுக்கொண்டு தொலைக்காதீர்கள். தவறிப்போய்க் கற்றுக்கொண்டால், குதிருக்குள் ஒரு பாட்டிலை ஒளித்து வைக்கத் தெரிந்த பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்.